மான் பங்களாவின் காலிக் கொக்கி

அடுப்பின் மேல் இருந்தது வாட்கின்ஸ் துரையின் அப்பா பீர் குடித்த கோப்பை. அதில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

தோளில் துடைக்கிற துணியோடு சமையற்கட்டு வாசலில் நான் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே ஆடிக் காற்று ஓடுகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி மாராத்தாள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுபோல, குனிந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, என்ன பண்ணிப்போட்டே?”

“ரசம் வெக்கறனுங்க. துரைக்குக் காய்ச்சலு, வாய் கசக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

“அது என்ன ஏனம்னு தெரியுமா உனக்கு?”

“ஈயச் சொம்பு. தெரியாதுங்களா?” என்றாள். “வெள்ளைக்காரங்க கைப்புடி வெச்சுச் செஞ்சிருக்கறாங்க. வெச்சும் என்ன, சுடத்தான் சுடுது.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ரசம் என்றால் ஈயச் சொம்பில் வைத்தால்தான் ரசம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். முதலில் புளித்தண்ணீர் ஊற்றி, அப்புறம்தான் நெருப்பில் ஏற்ற வேண்டும். மாராத்தாள் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். துரையின் கோப்பையும் ஒருவகை ஈயந்தான். அவள் கணக்கில் தப்பே இல்லை.

என் கணக்கில் அது கோயில் கும்பத்தில் குழம்பு வைத்த மாதிரி. நான் பீர்க் கோப்பைகளை எல்லாம் வெந்நீரில் அலசத்தான் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்து அடுப்பில் ஏற்றுவாள் என்று எந்தப் புருஷன் நினைப்பான்?

நான் இறக்கச் சொல்வதற்குள் துரையே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த மூக்குக்கு வாசனை எட்டியிருந்தது.

“ஏனுங்க, என்னங்க அது?” என்றார்.

வாட்கின்ஸ் துரை தமிழ் கற்றது போத்தனூர் ரயில்வேயில் கரி அள்ளுகிற ஆட்களிடம். அதனால் எல்லாரையும், ஏன், நாயைக்கூட ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

“பெப்பர் வாட்டர், சார்” என்றேன்.

அவர் அடுப்பைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். “மை ஃபாதர்ஸ் மக்” என்றார். எனக்கு வேலை போனது என்று முடிவே செய்துவிட்டேன்.

மாராத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மனுஷன் பசியோடு நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. முந்தானையால் கோப்பையைப் பிடித்து இறக்கி, கடுகு தாளித்துக் கொட்டி, முக்காலியை இழுத்துப் போட்டாள். துரை உட்கார்ந்தார். ஊதி ஊதிக் குடித்தார். மூக்கைச் சிந்தினார். மறுபடி குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“அம்மணி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க” என்றார்.

நான் ஊற்றிக் கொடுத்ததை எல்லாம் இத்தனை வருஷமாக ‘போதுங்க’ என்று சொன்ன வாய் அது. ‘இன்னும்’ என்று என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நிமிஷம் என் வயிற்றில் விழுந்த நெருப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வயதாகியும் அது முழுசாக அணையவில்லை.

கோட்டுப் போட்ட கள்ளுக்கடை

போன வாரம், ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என்னை வாட்கின்ஸ் துரை கூட்டிப்போனதோடு நிறுத்தியிருந்தேன். எங்கே கூட்டிப்போனார் என்று கேட்டு இரண்டு மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். சொல்கிறேன்.

சீமையில் கிராமத்துக்குக் கிராமம் ஒரு ‘பப்’ இருக்குமாம். சாராயக்கடை என்று சொன்னால் துரைக்குக் கோபம் வரும். ஊர்க்காரர்கள் சாயங்காலம் கூடி, ஆளுக்கொரு கோப்பை பீரை வைத்துக்கொண்டு, மழையையும் மாட்டையும் பற்றிப் பேசுகிற இடம். வாட்கின்ஸ் துரையின் அப்பா அவர்கள் ஊரில் அப்படி ஒன்றை நடத்தியவர். அது அண்ணனுக்குப் போய்விட்டது. தம்பி எஞ்சினில் கரி போடுகிற வேலைக்கு இந்தியா வந்துவிட்டார்.

டிரைவராகி, பென்ஷன் வாங்கி, சம்சாரமும் போய்ச் சேர்ந்த பிற்பாடு, அவர் ஊருக்குத் திரும்பவில்லை. ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் ஒரு பாக்கு வியாபாரியின் பழைய கிடங்கை வாங்கினார். அண்ணனுக்கு ஒரு பப் இருந்தால் தனக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதே பொறாமைதான். அங்கே வேலை பார்த்த நான் வேறு எப்படி இருப்பேன்?

பழைய ரயில் பெட்டியின் தேக்குப் பலகையில் ஒரு நீளமான கவுண்டர். சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு ஒரு வாசல், கழுத்தில் டை கட்டியவர்களுக்கு ஒரு வாசல். பெங்களூரிலிருந்து பீப்பாயில் வருகிற பீரைக் குளிர்ச்சியாக வைக்கக் கிணற்றோரம் ஒரு குழி வெட்டி, மேலே ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தோம். சித்திரை மாதத்தில் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றியே என் இடுப்பு ஒடியும்.

வாசலில் ஒரு பலகை வேண்டும் என்றார் துரை. அவருடைய அப்பா கடையில் வெள்ளை மான் படம் இருந்ததாம். அதே மாதிரி வரைய, பேரூர்ப் பக்கம் சாமி வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கிற ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் வெள்ளை மானைக் கண்டவர் இல்லை. கண்ணுக்கு மை தீட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையோடு ஒன்றை வரைந்து வைத்தார்.

துரை அதை வெகுநேரம் பார்த்தார். “ஏனுங்க, இது மானுங்களா, மாடுங்களா?”

“சாமிங்க” என்றார் வர்ணக்காரர்.

துரை அதை அப்படியே வாசலில் மாட்டச் சொல்லிவிட்டார். சந்தைக்குப் போகிற பெண்கள் அந்தப் பலகையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஊருக்கு அது மான் பங்களா ஆயிற்று. எங்கள் அப்பாவுக்கு மட்டும் அது கோட்டுப் போட்ட கள்ளுக்கடை. சூலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், மகன் ரயில்வேயில் இருக்கிறான் என்றே கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கள்ளுக்கடை மறியல் நடந்த காலத்தில் கதர்ச் சட்டைக்காரர்கள் சிலர் மான் பங்களா வாசலுக்கும் வந்து நின்றார்கள். துரை உள்ளேயிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். “வெயில்ல நிக்காதீங்க, உக்காந்து சொல்லுங்க” என்றார். உட்கார்ந்துகொண்டு எப்படி மறியல் செய்வது? சங்கடப்பட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

என் காதோரம் ஒரு கொக்கி

அங்கே வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். சமையலுக்குக் கொச்சிக்காரர் அந்தோணி பட்லர். கவுண்டருக்கு நான். பழனிச்சாமி என்ற என் பெயர் துரைமார் வாயில் நுழையாமல் ‘பால்’ ஆகிவிட்டது.

என் வேலையில் எனக்குக் கர்வம் இருந்தது. நுரை இரண்டு விரல் நிற்கிற மாதிரி பீர் பிடிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. மூடுகிற நேரம் வந்தால், தொங்குகிற தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்து, “நேரமாச்சுங்க, ஜென்டில்மென்!” என்று நான் கத்த வேண்டும். ஆறடி உயர டிரைவர்கள் என் குரலுக்குக் கட்டுப்பட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஊரில் என் குரலுக்கு எருமைகூட நகர்ந்தது கிடையாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கொக்கிகள். கவுண்டருக்கு மேலே ஒரு நீளச் சட்டம். அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈயக் கோப்பை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ்தான். நம்ம ஆள் என்று துரை மனதில் பட்டால் மட்டும், ஒரு நாள் சாயங்காலம் அவரே முக்காலியில் ஏறி, ஒரு புதுக் கோப்பையைத் தன் கையால் மாட்டுவார். இருக்கிறவர்கள் எல்லாரும் விரல் முட்டியால் கவுண்டரைத் தட்டுவார்கள். அதன்பின் அந்தக் கோப்பையில் வேறு யாரும் குடிக்கக் கூடாது. ஆளை ஈரோட்டுக்கோ ஒலவக்கோட்டுக்கோ மாற்றினாலும் கோப்பை அங்கேயே தொங்கும். என்றைக்காவது ரயிலில் வந்து இறங்கினால் அவனுக்காக அது காத்திருக்கும்.

சட்டத்தின் கோடியில், நான் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒரு கொக்கி காலியாக இருந்தது. கோப்பைகளை மாட்ட முக்காலியில் ஏறினால் என் காதில் இடிக்கும்.

“அது நினக்காணு, பழனி” என்று, அது உனக்குத்தான் என்பதை அந்தோணி பட்லர் ஒருதரம் மலையாளத்தில் சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் நம்பிவிட்டேன். தினமும் அத்தனை பேர் கோப்பையையும் துடைத்து மாட்டுகிறவன் நான். ஒரு நாள் என் கோப்பையையும் துடைத்து மாட்டுவேன் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டேன். நீதான் குடிக்க மாட்டாயே, உனக்கு எதற்குக் கோப்பை என்று கேட்பீர்கள். சோடா குடிப்பதற்கு!

நானே போய்க் கூட்டிவந்தேன்

அந்தோணி பட்லர் தங்கை கல்யாணத்துக்குக் கொச்சி போனார். போனவர் போனவர்தான். துரை இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மாராத்தாளைக் கூட்டிவரலாம் என்று யோசனை சொன்னது நான். இதை நினைத்தால் என்னையே நான் இரண்டு போடலாம் போலிருக்கிறது.

அவள் வரமாட்டேன் என்றாள். அவள் சென்னிமலைக்காரி. நெசவாளி வீட்டுப் பெண். “குடிக்கற எடத்துக்கா? எங்கப்பன் கேட்டா கெணத்துல குதிச்சுப்போடும்.”

“சமையக்கட்டு பொறத்தாண்ட இருக்குது. ஒருத்தர் கண்ணும் உன்மேல படாது. ரெண்டே மாசம். வேற ஆளு கெடைக்கற வரைக்கும்.”

“ரெண்டு மாசந்தானுங்களா?”

“அதுக்குமேல ஒரு நாள் இல்ல.”

அப்படித்தான் வந்தாள். வந்த மூன்றாம் நாள், மேலே சொன்ன ரசம்.

மார்த்தாவின் புருஷன்

துரைக்குக் காய்ச்சல் விட்டது. ரசம் விடவில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவுடைய கோப்பையில் அவருக்கு ரசம் வேண்டும். மாராத்தாள் என்பது அவர் வாயில் மார்த்தா ஆயிற்று.

ரயில் கார்டு டிக்ஸன் துரை ஒரு நாள் அதை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவர் மேட்டுப்பாளையத்திலிருந்து மழையில் நனைந்து வந்திருந்தார். காலனியிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். ரசம் உள்ளே போனதும் “ஜீசஸ்!” என்று அவர் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். கோயமுத்தூர்க் கடைவீதியிலிருந்து பெரிய பெரிய ஈயச் சொம்பாக நான்கு வாங்கிவரச் சொன்னார் துரை. தூக்கிவந்தவன் நான்தான். ரசம் குடித்துவிட்டுப் பீர், பீர் குடித்துவிட்டு ரசம் என்று வழக்கமாகிப்போனது. ஈரோட்டிலிருந்தும் ஷோரனூரிலிருந்தும் வருகிற கார்டுகள் வண்டி நின்ற கையோடு ஓடிவந்து ஒரு கோப்பை குடித்துவிட்டு ஓடுவார்கள்.

முன்னெல்லாம் உள்ளே நுழையும்போதே “பால்!” என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு வயிறு நிறையும். இப்போது உள்ளே வருகிறவன் என்னைப் பார்க்காமல் சமையற்கட்டுப் பக்கம் மூக்கைத் தூக்கினான். என் இரண்டு விரல் நுரை என்ன ஆயிற்று என்று கேட்க நாதி இல்லை.

ஒரு நாள் டிக்ஸன் துரை என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய கோப்பையை எத்தனையோ வருஷமாகத் துடைக்கிறவன் நான். “பால், நீதான் மார்த்தாவோட புருஷனா?” என்றார். ஏதோ நல்ல சேதியைக் கண்டுபிடித்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளே என்ன வெந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

வெளியாள் ஒருவன் மேல் பொறாமை என்றால் சௌகரியம். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் திட்டித் தீர்க்கலாம். பெண்டாட்டி மேலேயே பொறாமை வந்தவன் எங்கே போவான்? பக்கத்தில் படுத்துக்கொண்டு கூரை ஓடுகளை எண்ண வேண்டியதுதான்.

அவள் பெருமை அடித்துக்கொண்டிருந்தால்கூட ஒரு சண்டை போட்டுத் தணிந்திருப்பேன். அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். நான் பேசினால் பாதிக்குப் பாதி பதில் வராது. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், திமிர் என்று நினைத்தேன்.

“உன்னையத் தலமேல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறானுங்க” என்றேன் ஒரு நாள்.

“எறக்கி வுடச் சொல்லுங்க” என்றாள்.

அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் கையால் ரசம் குடிப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே ஊற்றுகிற ரசத்துக்கும் கழுநீருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பிசைந்து தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வருவேன்.

“உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கறனுங்க மாமா.”

“வேண்டாம். வவுறு செரியில்ல.”

“வவுறு செரியில்லீனாத்தானுங்க ரசம்.”

போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டேன்.

ரெண்டு மாசம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. வேறு ஆள் தேட வேண்டும் என்று துரையும் நினைக்கவில்லை. எனக்கும் அந்த ஞாபகம் வரவில்லை. என் ஞாபகமெல்லாம் காதோரத்துக் கொக்கி மேலேயே இருந்தது. ரசம் எப்படியும் போகட்டும், அது மட்டும் என்னுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

துரை முக்காலியில் ஏறினார்

சீமையிலிருந்து ஒரு தந்தி வந்தது. அண்ணன் செத்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அப்பாவின் பப் தம்பிக்கு வந்துவிட்டது.

துரை தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மான் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில், ‘நான் சீமைக்கே போகிறேன்’ என்றார். பீர் விற்கிற லைசென்ஸ் அவர் பெயரில். அவர் போனால் அதுவும் போய்விடும். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து, நம் ஜில்லாவுக்கும் வரும் என்று பேச்சு அடிபட்ட சமயம் வேறு. புது லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எல்லாரையும் கூப்பிட்டார். காலியாக இருந்த ஒரே கொக்கிக்கு அன்றைக்குக் கோப்பை மாட்டப் போகிறார் என்று காலனி முழுக்கப் பேச்சு.

நான் காலையிலேயே தலைக்குக் குளித்தேன். வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, அட்டை மாதிரி விறைக்க வைத்து மாட்டிக்கொண்டேன். கொக்கிக்குச் சரியாகக் கீழே போய் நின்றேன். இவனா வேறு எவனாவதா என்று துரைக்குச் சந்தேகமே வரக்கூடாது அல்லவா?

துரை முக்காலியில் ஏறினார். கையில் அவருடைய அப்பாவின் கோப்பை. ரசம் கொதித்துக் கொதித்து அடி கறுத்திருந்தது. ‘எங்கள் அப்பா கடையில் இதைப்போல் இன்னும் நிறைய இருக்கும், இது இங்கேயே இருக்கட்டும்’ என்றார். புதுக் கோப்பை கிடைக்கும் என்றுதான் இருந்தேன், அப்பாவுடைய கோப்பையே கிடைக்கப் போகிறதே என்று கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

“மார்த்தா!” என்று கூப்பிட்டார்.

மாராத்தாள் சமையற்கட்டிலிருந்து வந்தாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். துரை என் தலைக்கு மேலே குனிந்து கோப்பையை மாட்டினார். கொக்கி ஆடி நின்றது.

எல்லாரும் கவுண்டரைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். முட்டி கன்றிப்போகிற அளவுக்கு ஓங்கி ஓங்கித் தட்டினேன். அந்த அறையிலேயே பெரிய சத்தம் என்னுடையதுதான். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு டிக்ஸன் துரை என்னைக் கட்டிப்பிடித்தார்.

அதோடு முடிந்திருந்தால் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். துரை முக்காலியிலிருந்து இறங்கவில்லை.

“அம்மணி, பீரு போச்சுங்க. ரசம் போகக் கூடாதுங்க” என்றார். இந்த இடத்தை ரயில்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடையாக அவள் நடத்த வேண்டும். வாடகை வேண்டாம். கோப்பைகள் எல்லாம் அப்படியே தொங்கட்டும். யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவனவன் கோப்பையில் ரசம் கிடைக்க வேண்டும். “நீங்க நடத்துவீங்களா?”

மாராத்தாள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அவரைக் கேளுங்க துரை. அவரு சொல்றதுதானுங்க எனக்கு.”

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.

அந்த ஜனங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! பார்த்தார்கள். அதுவும் அவளுக்காகத்தான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சூலூர்ப் பக்கம் அப்பாவின் காடு கழனி இருந்தது. அங்கே போய்விட்டால் மார்த்தா கிடையாது. மாராத்தாள் இருப்பாள், நான் பழனியாக இருப்பேன். அவளை எனக்குப் பெண்டாட்டி என்பார்கள், என்னை அவளுக்குப் புருஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது அவளைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. இவ்வளவு ஆசையா இவளுக்கு என்று நினைத்தேன். இந்த ஆசையில் மண்ணைப் போட்டால் நான் மனுஷனா என்றும் நினைத்தேன்.

“நல்லா நடத்துவாளுங்க துரை” என்றேன். “என்னைய விட நல்லா நடத்துவா.”

ஆரவாரம் கூரையைப் பிளந்தது. துரை இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க பால், நீங்க பெரிய மனுஷனுங்க” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கென்று வந்த ஒரே பாராட்டு அதுதான்.

தண்டவாளத்தோரம்

பொழுது இறங்குகிற நேரம் இரண்டு பேரும் தண்டவாளத்தோரமாக வீட்டுக்கு நடந்தோம். எனக்கு உடம்பு லேசாகி இருந்தது. பொறாமையை மென்று விழுங்கிவிட்டேன் அல்லவா? அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டே நடந்தேன். கண் கலங்கி, ‘உங்களைப்போல உண்டுங்களா’ என்று ஒரு வார்த்தை.

சிக்னல் கம்பம் தாண்டியதும், அடுக்கி வைத்திருந்த ஸ்லீப்பர் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“ஏம்புள்ள, சந்தோசந்தான?” என்று நானே கேட்டேன்.

“வேண்டாமுன்னு சொல்லுவீங்கன்னு நம்பியிருந்தனுங்க மாமா.”

எனக்கு விளங்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டு மாசமுன்னு கூட்டியாந்தீங்க. நின்னு நின்னு காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. பொகையில கண்ணு எரியுது. நானா வேண்டாமுன்னா அந்தப் பெரியவரு மனசு கெட்டுப்போகும். ஊருக்குப் போற மனுசன். அதான் உங்க பக்கம் தள்ளிவுட்டேன். நீங்க எப்புடியும் வேண்டாமுன்னுபோடுவீங்கன்னு இருந்தேன்.”

“நா எதுக்கு வேண்டாமுங்கறேன்?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதுங்களா? இத்தன நாளா வவுறு எரிஞ்சுக்கிட்டுத்தான இருந்தீங்க? அதைய நம்பித்தான் அத்தன பேரு முன்னால உங்களக் கேக்கச் சொன்னேன். இன்னைக்கின்னு பாத்து நல்லவராப் போயிட்டீங்களே!”

ஸ்டேஷன் பக்கம் எஞ்சின் ஒன்று கூவியது. அந்த அறையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகவா?

“இரு. இப்பவே போயி வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு வாரேன்” என்று திரும்பினேன்.

அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “இனிப் போயிச் சொன்னீங்கன்னா, பொண்டாட்டி மேல பொறாமைன்னு அத்தன பேரும் உங்களப் பாத்துச் சிரிப்பாங்க. அது எனக்கு ஆகாதுங்க. வேண்டாம். உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கஞ்சி போட்ட கோட்டு முதுகில் குத்தியது. இருட்டுகிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு, அவள் எழுந்ததும் எழுந்து வந்தேன்.

எங்கள் மூத்த பேரன் பள்ளிக்கூடம் போகிற காலம்வரைக்கும் மாராத்தாள் அந்த அடுப்பின் முன்னால் நின்றாள். பழனிக்குப் பெரிய மனசு, பெண்டாட்டியை முன்னால் விட்டு இவன் பின்னால் நிற்கிறான் என்று போத்தனூரே என்னைப் புகழ்ந்தது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம், வீங்கிய காலை மாற்றி வைத்துக்கொண்டு, அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.